காலுக்குத் தண்ணீர்

எங்கள் ஊரில் படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கரையில் கிடந்தால் இரண்டில் ஒன்று என்று அர்த்தம். வடக்கே ராக்கெட் விடப்போகிறார்கள், கடலுக்குப் போகாதே என்று சொல்லியிருப்பார்கள். இல்லாவிட்டால் ஊரில் சாவு. ராக்கெட் என்றால் பிள்ளைகள் கரையில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும். சாவு என்றால் வலைகளைக்கூடச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள்.

ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை ஊரில் ஒரு வலையும் நனையக்கூடாது. செத்தவன் நல்லவனோ கெட்டவனோ, தலைவரோ குடிகாரனோ, எல்லாருக்கும் ஒன்றுதான். இதை மீறியவனை நான் பார்த்ததில்லை. பிறந்து வளர்ந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. அடக்கத்துக்குப் போன ஆண் தலை முழுகிவிட்டு, ஈரத்துணியோடு தன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். வீட்டுக்காரி ஒரு செம்புத் தண்ணீரை அவன் காலில் ஊற்றினால்தான் வாசற்படி தாண்டலாம். ஊற்றும்போது இருவரும் பேசக்கூடாது.

ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற தீவு, அவ்வளவு போதும். நான் பொன்னேரி மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்கிறவள். பெயர் போட்டால் நாளைக்கே பக்கத்துக் கூடைக்காரி, "இன்னாக்கா, உன் வூட்டுக் கதைய ஊரெல்லாம் படிக்கிறாங்களாமே"ன்னு ஆரம்பித்துவிடுவாள். எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். வாய் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எனக்கு ஒரே தம்பி. எங்கள் நைனா போனபிறகு அவனைப் பார்த்துக்கொண்டவள் நான்தான். நெட்டையாக இருப்பான், சாப்பாட்டில் அவசரக்காரன், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். கோட்டைக்குப்பத்தில் பெண் எடுத்தோம். வந்த நாளிலிருந்து அந்தப் பெண் என்னை அண்ணி, அண்ணி என்று சுற்றிச்சுற்றி வருவாள். நான் திட்டினாலும் சிரிப்பாள். இரண்டும் சிரிக்கிற ஜென்மங்கள், எப்படிக் குடும்பம் நடத்தப்போகிறதோ என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

ஏரியில் எங்கே வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. வலை கட்டும் இடங்களைப் பாடு என்போம். எந்தப் பாடு யாருக்கு, எந்த நாட்களில் என்று சீட்டுக் குலுக்கி ஊரில் முறை வைப்பார்கள். கல்யாணமான ஆணுக்குத்தான் பாடு உண்டு. முறை வந்த நாளில் நீ போகவில்லையென்றால் போனதுதான். காய்ச்சல் வந்தது, மழை பெய்தது, மாமியார் செத்தாள் என்று எதைச் சொன்னாலும் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். திரும்பவும் சுற்றி உன்னிடம் வருவதற்குள் உன் பிள்ளைக்கு ஒரு சாண் உயரம் கூடியிருக்கும்.

எல்லாப் பாட்டிலும் உசத்தி முகத்துவாரத்துப் பாடு. ஐப்பசி மழையில் முகத்துவார மணல் உடைந்து ஏரித் தண்ணீர் கடலுக்கு ஓடும்போது, உள்ளே வளர்ந்த இறாலெல்லாம் கூடவே ஓடும். அங்கே இரண்டு கழிகளை நட்டு, நடுவில் ஆள் படுக்கிற அளவுக்குப் பெரிய பைவலையைக் கட்டிவிட்டால், ஓடுகிற தண்ணீரே இறாலைக் கொண்டுவந்து பையின் அடியில் போட்டுவிடும். நாம் தூக்கிக் கொட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த வருஷம் மழைக்கு முகத்துவாரம் நன்றாக உடைந்தது. அந்தப் பாடு சீட்டில் என் வீட்டுக்காரருக்கும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் விழுந்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு மழைக்காலத்தில் அது அவருக்கு விழுந்தது அதுதான் முதல் தடவை. சீட்டு எடுத்துவிட்டு வந்தவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வலையை எடுத்து விரித்து ஓட்டை பார்க்க ஆரம்பித்தார். அவர் அப்படித்தான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

தம்பிக்கு அப்போது எந்தப் பாடும் விழவில்லை. அதனால் இரண்டு பேரோடு ஃபைபர் படகில் கடலுக்குப் போனான். என் வீட்டுக்காரர் முறை தொடங்குவதற்கு முதல் நாள் அது. காலையில் என் வீட்டு வழியாகத்தான் போனான். மஞ்சள் பனியன் போட்டிருந்தான். இரண்டு இட்லியை நின்றபடியே விழுங்கிவிட்டு, "அக்கா, மச்சானுக்கு நாளைக்கு அடிக்கப் போவுது யோகம். எனக்கு ஒரு சட்ட எடுத்துக் குடு"ன்னு கேட்டான். "முதல்ல போட்டுக்கினு கீறதத் தொவைச்சிப் போடுடா, நாறுது" என்றேன்.

திரும்பும்போது முகத்துவாரத்தில் பின்னாலிருந்து வந்த அலை படகைக் கவிழ்த்துவிட்டது. மற்ற இரண்டு பேரும் நீந்தி மணல்திட்டில் ஏறிவிட்டார்கள். இவன் ஏறவில்லை.

சாவு என்றால் வலைதான் நனையக்கூடாது, படகு போகலாம். ஊரில் இருந்த அத்தனை படகும் தேடப் போயின. வெளியிலிருந்தும் ஆட்கள் காற்றடைத்த சட்டை மாட்டிக்கொண்டு வந்து தேடினார்கள். தேடிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்கள் போகவில்லை. என் வீட்டுக்காரர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, அலை புரட்டிப்போடுகிற இடத்திலேயே மறுபடி மறுபடி முழுகினார். மேலே வரும்போது மூக்கில் ரத்தம். தன் முறை நாட்கள் சும்மா கழிந்துகொண்டிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மனுஷனைப் போல எவன் இருப்பான் என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது வயிறு எரிகிறது.

தம்பி பெண்டாட்டி படகுத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. உள்ளூர அவளுக்கும் தெரியும், உயிரோடு வரப்போவதில்லை என்று. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் உடம்பு. ஒரு தடவை பார்க்க வேண்டும், மண்ணில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அண்ணி, கெடைக்கிற வரிக்கும் வலைய எறக்க மாட்டாங்க இல்ல?" என்று கேட்டாள்.

"எறக்க மாட்டாங்கடி" என்றேன்.

"வலைய எறக்காத வரிக்கும் தேடுவாங்க இல்ல?"

"தேடாம? நான் உயிரோடதானே கீறேன்."

ஆனால் தண்ணீர் காத்திருக்குமா. கரையோரத் தண்ணீரிலேயே இறால் துள்ளியது. எதிர்க்கரை ஊர்களில் எல்லாரும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பழவேற்காட்டில் ஐஸ் வண்டிகள் வரிசையில் நிற்பதாகப் போனில் சொன்னார்கள். எங்கள் ஊரிலோ அடுப்பில் கஞ்சி, அப்புறம் அதுவும் இல்லை. மழைக்கால இறாலை நம்பித்தான் எங்களுக்கு வருஷமே ஓடும். அதை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பது லேசான காரியம் இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அடிபம்பில் ஒருத்தி, "போனவன் பூட்டான், அவனுக்காகக் கீறவங்க எல்லாம் சாவணுமா"ன்னு சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. "என் தம்பி இன்னா உன் வூட்டு அரிசிப் பானையிலயா குந்திக்கினு கீறான்?" என்று கேட்டுவிட்டு அவள் குடத்தைக் காலால் எட்டி உதைத்தேன். அவளும் சும்மா விடவில்லை, என் தலைமயிரைப் பிடித்துவிட்டாள். நான்கு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

அன்று மாலை ஊர்ப் பெரியவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். நாட்டார் என்று நாங்கள் சொல்லும் பஞ்சாயத்துக்காரர்கள். உடம்பு கிடைக்காவிட்டால் ஓலையில் ஆள் மாதிரி கட்டி, அவன் துணியைப் போட்டு அடக்கம் செய்துவிடலாம், அந்தக் காலத்திலும் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றார்கள். தம்பி பெண்டாட்டி துறையிலிருந்து வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். துணி தரமாட்டேன் என்கிறாளாம்.

"நீ அக்கா. நீ சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும்" என்றார் ஒருவர்.

"நான் சொல்ல மாட்டேன். அவ கேட்டது ஒடம்பு. நீங்க ஓலையக் குடுக்குறீங்க."

"ஊரு பட்டினி கீதும்மா."

"தெரியும். நானும் இந்த ஊர்லதான் கீறேன். ஆனா என் வாயால சொல்ல மாட்டேன்."

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். கொடியில் கிடந்த தன் சட்டை ஒன்றை எடுத்துவந்து அவர்கள் கையில் கொடுத்தார். அவர் பாவம், வம்பு வேண்டாம் என்று கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பனையோலையில் ஓர் உருவம் கட்டி, அந்தச் சட்டையை மாட்டி, பாடையில் வைத்துத் தூக்கினார்கள். மேளம் கேட்டதும் தம்பி பெண்டாட்டி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"இது அவரு சட்ட இல்ல" என்றாள்.

வளையலை உடைக்க இரண்டு கைம்பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டாள். தாலியைத் தொட வந்தவளைப் பார்த்த பார்வையில் அந்தக் கிழவி பின்வாங்கிவிட்டாள். "நீங்க உங்க ஆளப் பொதைங்க. எனக்கு ஒண்ணும் ஆவல" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் துறைக்கே போய் உட்கார்ந்தாள். ஊர் அவள் இல்லாமலே அடக்கத்தை முடித்தது. என் வீட்டுக்காரர் தலை முழுகிவிட்டு வந்து வாசலில் நின்றார். நான் செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றினேன். உள்ளே வந்தார்.

மறுநாள் வலைகள் இறங்கின. ஊர் சும்மா கிடந்த நாட்கள் போக, அவர் முறையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மடைதிறந்தமாதிரி இறால். ஊரில் மறுபடியும் சோறு வெந்தது, பிள்ளைகள் சத்தம் போட்டன. படகு கரை ஏறும்போதெல்லாம் தம்பி பெண்டாட்டி எழுந்து வந்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"வலையில வேற எதுனா வந்துச்சாண்ணா?"

"இல்லம்மா" என்பார்கள். சாவு வீட்டுப் பங்கு என்று ஆளுக்கு இரண்டு கை இறாலை அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அவள் தொடமாட்டாள். காக்காய் தூக்கிப் போகும், மிச்சம் நாறும். நான் போய்க் கூட்டித்தள்ளிவிட்டு வருவேன்.

அதற்கடுத்த சில நாட்களில் ஒரு காலை. என் வீட்டுக்காரர் ஏரியிலிருந்து வரும் அழகு ஊருக்கே தெரியும். சேற்றுக்காலோடு நேராக அடுப்பங்கரைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, கஞ்சி என்பார். குளிப்பதெல்லாம் அப்புறம். "வூட்டக் கலீஜ் பண்ணாதய்யா"ன்னு நான் இத்தனை வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் கேட்டதில்லை. அன்று வாசலில் நிழல் தெரிந்தது. உள்ளே வரவில்லை. நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச்சொட்ட, ஈர லுங்கியோடு நிற்கிறார். பேசவில்லை.

கை பழக்கம் பாருங்கள். நானும் பேசாமல் எழுந்து செம்பில் தண்ணீர் எடுத்து அவர் காலில் ஊற்றினேன். அவர் படி தாண்டி உள்ளே வந்தார். செம்பைக் கீழே வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் சாவு எதுவும் இல்லையே.

"யோவ், எந்தச் சாவுக்குய்யா போயிட்டு வர்ற?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன். இல்லை. சரி, முதல் தடவையாகக் குளித்துவிட்டு வந்திருக்கிறான் மனுஷன், இதற்கும் நான் சண்டை போட்டால் எப்படி என்று தண்ணீர் பிடிக்கப் போனேன். பம்பில் நின்றவள், "இன்னாக்கா, மூணு பேரும் ஒண்ணா வந்து தல முழுவிட்டுப் போனாங்க? எதுனா வேண்டுதலா?" என்று கேட்டாள். மூன்று பேரும். குடத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். ஏன் திரும்பினேன் என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

வலை வீட்டுக்குப் பின்னால் குவியலாகக் கிடந்தது. வழக்கமாக அவர்தான் வேலியில் விரித்துக் காயப்போடுவார். இன்று சுருட்டி மூலையில் தள்ளியிருந்தார். இழுத்து விரித்தேன். பையின் அடிப்பக்கம் நீளமாகத் திறந்துகொண்டது. ஆள் நீளத்துக்கு. நண்டு கடித்தால் வலை கொசகொசவென்று பிய்ந்திருக்கும். கழியில் சிக்கினால் ஒரு மூலை கிழியும். இது நேர்கோடு. ஒவ்வொரு கண்ணியின் நூலும் ஒரே மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. கத்தி.

உள்ளே போய் அவரை எழுப்பி உட்காரவைத்தேன்.

"வலை இன்னா ஆச்சு?"

"கட்டை மாட்டிக்கிச்சி."

"கட்ட மாட்டினா தூக்கி வெளிய போடுவாங்க. சொந்த வலைய எவனாவது கத்தி வெச்சிக் கிழிப்பானா?"

"பெரிய கட்டை மே."

"கட்டைக்கு எவன்யா தல முழுவுவான்?"

அவர் முகம் செத்துப்போனது. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வாய் இருந்தது, சாவைத் தொட்ட உடம்போடு வீட்டுக்குள் நுழையத்தான் முடியவில்லை. மூன்று பேருக்கும் முடியவில்லை. எனக்கே கேட்காத குரலில் கேட்டேன்.

"இன்னா கலரு?"

ஈர லுங்கியின் முனையைப் பிழிந்தார்.

"மஞ்ச" என்றார்.

அப்புறம் வாய் பேசாத ஆள் பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. "தூக்கியாந்தா மறுபடியும் ஊரு வலைய மேல ஏத்தணும். மறுபடியும் எல்லா வூட்லயும் அடுப்பு அணையும். நம்ம முறை முடியப் போவுது. கூட கீறவனுங்க ரெண்டு பேருக்கும் புள்ளகுட்டி கீது, அவனுங்க என் மூஞ்சியப் பாக்குறானுங்க. நான் இன்னா செய்ய? மொகம் தெரியல மே. நான் தொடல. அடியில கத்திய உட்டேன், தண்ணி இழுத்துக்கினு பூட்ச்சி. நாமதான் பொதைச்சிட்டோமே. ஒருத்தன எத்தினி வாட்டிப் பொதைக்கிறது?"

"பொதைச்சது உன் சட்டையடா பாவி!"

அடித்தேன். கையில் கிடைத்ததை எடுத்து அடித்தேன். வெங்காயக் கூடை, அகப்பை, அப்புறம் வெறும் கை. வாழ்க்கையில் முதல் தடவை. அவர் தடுக்கவில்லை, நகரவும் இல்லை. அடிக்கிறவளுக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். என் தம்பி, நான் தூக்கி வளர்த்த உடம்பு, இத்தனை பேர் தேடிக் கிடைக்காமல் கடைசியில் தானாகவே அக்கா வீட்டு வலைக்குள் வந்து படுத்திருக்கிறான். அவனைக் கத்தியால் வழிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

வலையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"அந்தப் பொண்ணுக்குச் சொல்லாத மே. அது எப்படித் தாங்கும்?" என்று பின்னாலேயே வந்தார்.

"அது தெனமும் கேக்குதே, வேற எதுனா வந்துச்சான்னு. அதுக்கு ஒரு பதில் வேணாமா?"

துறையில் வழக்கம்போல அவள் உட்கார்ந்திருந்தாள். படகுகள் கரை ஏறிக்கொண்டிருந்த நேரம், பாதி ஊர் அங்கேதான் இருந்தது. நாட்டார்களில் இரண்டு பேர் இறால் நிறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வலையை அவள் எதிரே மணலில் போட்டு, கிழிசல் தெரிய விரித்தேன். நடந்ததைச் சொன்னேன். என் குரல் எப்போதும் பெரிய குரல், அன்று எல்லார் காதிலும் விழட்டும் என்றே சொன்னேன். இறால் தட்டுகளைத் தூக்கியவர்கள் அப்படியே கீழே வைத்தார்கள். கூட்டாளிகள் இரண்டு பேரும் ஒரு படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நின்றார்.

அவள் கத்துவாள், மண்ணை வாரி எறிவாள், அவர் முகத்தைக் கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கட்டும், நானே பிடித்துக்கொள்கிறேன் என்றுதான் நின்றேன். அவள் அவரைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப தண்ணி உள்ள வந்துச்சாண்ணா, வெளிய போச்சா?"

"வெளிய" என்றார் அவர்.

"அப்ப இனிமே வராது."

அவர் தலையை ஆட்டினார். அவள் வலையின் பக்கத்தில் உட்கார்ந்து, கிழிசலுக்குள் கையை விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தடவினாள். வலை ஓரத்தில் பாரத்துக்குக் கட்டியிருந்த கல்லை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதிலேயே தன் இரண்டு கை வளையலையும் அடித்து உடைத்தாள். தாலியைக் கழற்றி வலைக்குள் போட்டாள். எந்தக் கிழவியும் கிட்டே போகவில்லை. அப்போதுதான் அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை, இனிமேல் கேட்கவும் வேண்டாம்.

அழுது முடித்துவிட்டு நாட்டார்களைப் பார்த்து, "அவரு கடேசியா படுத்தது இதுலதான். இதப் பொதைங்க" என்றாள்.

வலையைப் புதைப்பது எங்கள் ஊரில் கிடையாது. நைந்துபோன வலையைக்கூடப் பந்தலுக்கும் வேலிக்கும் வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர், சரிம்மா என்றார். ஓலை உருவம் இருந்த குழியையே மறுபடி தோண்டினார்கள். மண்வெட்டியை முதலில் எடுத்தவர் என் வீட்டுக்காரர். யாரும் அவரைத் தொடச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடியில் அவருடைய சட்டை மண்ணோடு மண்ணாகத் தெரிந்தது. அதன்மேல் வலையைச் சுருட்டி வைத்து மூடினார்கள். இந்தத் தடவை அவளும் ஒரு கைப்பிடி மண் போட்டாள்.

அதற்கப்புறம் அன்று யாரும் ஏரிக்குப் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவும் இல்லை. பிடித்துவந்த இறால்கூட நிறுக்காமல் வெயிலில் கிடந்து வீணானது. மறுநாள் எல்லாப் படகும் போயின. முகத்துவாரத்துப் பாடு முறைப்படி அடுத்த வீட்டுக்குப் போனது. அவர்களுக்கும் நல்ல பிடிப்பு என்று கேள்வி.

கூட்டாளிகள் இரண்டு பேரும் இன்றைக்கும் அவருடன்தான் தொழில் செய்கிறார்கள். ஊர் அவர்களுக்குத் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. எந்த வாயால் கொடுக்கும்? அந்த இடத்தில் அன்று தங்கள் வலை இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஒவ்வொருவனும் யோசித்திருப்பான். தம்பி பெண்டாட்டி கோட்டைக்குப்பத்தில் அம்மா வீட்டோடு இருக்கிறாள். பொன்னேரிக்கு ரயில் ஏறவோ சாமான் வாங்கவோ வந்தால் என் கூடையண்டை வந்து உட்காருவாள். இறால் பக்கம் மட்டும் பார்க்கமாட்டாள். நானும் அவள் வருவது தெரிந்தால் அந்தத் தட்டைத் துணி போட்டு மூடிவிடுவேன்.

நீ மட்டும் அந்த ஆளோடு ஏன் இருக்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். எங்கே போவேன், சொல்லுங்கள். நைனா வீடும் அதே தெருவில்தான், அதில் இருந்தவன் போய்விட்டான். சோறு போடுகிறேன். காய்ச்சல் வந்தால் பார்க்கிறேன். பேசாமலும் இல்லை, என்னால் பேசாமல் இருக்க முடியாது.

ஆனால் வலையைப் புதைத்த அன்று மாலை, அவர் தலை முழுகிவிட்டு ஈரத்தோடு வந்து வாசலில் நின்றார். நான் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் காலை ஒன்றுசேர்த்து வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். அதே காலுக்குத்தான் காலையில் ஒன்றும் தெரியாமல் ஊற்றியிருந்தேன். என் தம்பியை அனுப்பிவிட்டு வந்த காலுக்கு என் கையாலேயே ஊற்றி உள்ளே விட்டிருக்கிறேன். செம்பை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். லுங்கி உடம்பிலேயே காய்ந்திருக்கும். பிறகு குனிந்து செம்பை எடுத்து, தன் காலில் தானே ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து ஊரில் எந்த அடக்கத்துக்குப் போய்வந்தாலும் அவரே ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்.